வைகாசிக்குள் குடிபோக வேண்டும்

அந்தக் கோடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் இடுப்புத்தான் வலிக்கிறது. மனசு அப்புறம்தான். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதம் தண்ணீர் சுமந்தேன், மண் மிதித்தேன், கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் சோறு பொங்கினேன், விடிந்தால் அடைந்தால் மாடு கறந்தேன், நடுவில் ஒரு பொய்யும் சொன்னேன். அதை எதற்காகச் சொன்னேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை ராட்சசி என்றுதான் நினைப்பீர்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. எந்த வருஷம் என்று குறுக்கே கேட்காதீர்கள், எனக்கு மாதம்தான் ஞாபகம் இருக்கிறது. மலையாளச் சீமை எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். பால், நிலக்கடலை, கொஞ்சம் பருத்தி, இதுதான் பிழைப்பு. ஊருக்குள் இருந்த பழைய வீட்டில் என் மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். அடுப்பு ஒன்று. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கரண்டியை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைத்தேனா என்று திரும்பிப் பார்க்கிற பொம்பளையோடு நான்கு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். மாமியார் அதற்கு மேல். சத்தம் போட மாட்டார், குறை சொல்ல மாட்டார். நான் கொஞ்சம் உட்கார்ந்தால் அவர் எழுந்து விளக்குமாற்றை எடுப்பார். அவ்வளவுதான், நான் பதறிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

எங்களுக்குப் படுக்கக் கொடுத்தது தவிட்டு மூட்டை அடுக்குகிற அறை. ஜன்னல் கிடையாது. சமையல் புகை முழுக்க அங்கேதான் வந்து சேரும். எனக்குத் தாய் இல்லை, பிரசவத்துக்குப் போய்க் கிடக்க ஒரு வீடும் இல்லை. அதனால் முதல் பிள்ளையை அந்த அறையில்தான் பெற்றேன். ஆண் பிள்ளை. பதினொரு நாள் இருந்தான். புகையும் தவிட்டுத் தூசியும் பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா என்று நான் கேட்டதற்கு, இந்த வீட்டில் எத்தனை பிள்ளை பிறந்து வளர்ந்திருக்கிறது என்றாள் அக்கா. அது உண்மைதான். ஆனால் இன்னொரு பிள்ளை என்று வந்தால் அது அங்கே பிறக்கக் கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கணவரை இரண்டு வருஷம் நச்சரித்து, அவர் தன் அண்ணனிடம் மென்று முழுங்கிக் கேட்டு, ஒருவழியாக எங்கள் பங்குத் தோட்டத்தில் தனி வீடு கட்டிக்கொள்ளச் சம்மதம் கிடைத்தது.

தை மாதம் வாசக்கால் நிறுத்தினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தூர் ஆசாரி ஒருவர் வந்து, முழக்கோலை வைத்து அளந்து, மலையாளத்தில் நீளமாக ஒரு கணக்குச் சொன்னார். பாதி புரிந்தது. மீதிக்குச் சரி சரி என்று தலையாட்டினோம். மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அறைக்கு இரண்டு ஜன்னல் வேண்டும் என்று நான் ஆசாரியிடம் நேராகவே சொன்னேன். பொம்பளை எடுத்துச் சொல்கிறாளே என்று அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தலையைச் சொறிந்தார். ஜன்னல் வந்துவிட்டது.

வீடு கட்டுவது கொத்தனார் வேலை என்று நினைக்கிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மாடு பூட்டித் தோல் சாலில் இறைத்தால் சேறும் தண்ணீருமாக அரைச் சால் வரும். அதில் பயிருக்குப் போக, மாட்டுக்குப் போக, மிச்சம்தான் வீட்டுக்கு. மண் குழைக்கத் தண்ணீர், சுண்ணாம்பு நீற்றத் தண்ணீர், பூசின சுவர் வெடித்துவிடாமல் இருக்க இரண்டு வேளையும் சுவருக்கு அடிக்கத் தண்ணீர். எல்லாம் இந்த இடுப்பில் வந்ததுதான். சுண்ணாம்பு பட்டு உள்ளங்கால் தோல் உரிந்துபோயிற்று. கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் வட்டிலில் கை வைத்தபடியே கண் சொருகிவிடும். என் கணவரும் சும்மா இல்லை, பாவம். வண்டி மாடும் அவரும் ஒன்றுபோல இளைத்து, எலும்பு தெரிய நின்றார்கள்.

குடிபோக வைகாசி மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பார்த்துக் கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டால் ஆனியும் ஆகாது, ஆடியும் ஆகாது. இந்த நாளை விடக் கூடாது என்று எல்லாரும் பறந்தார்கள். நானும்தான்.

பங்குனி முடிகிற சமயத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் சாணி வாசம் குமட்டியது. பிறந்ததிலிருந்து சாணியில் புழங்குகிறவளுக்குச் சாணி குமட்டினால் என்ன அர்த்தம்? சந்தோஷப்பட வேண்டியவள் மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில், வீட்டுப் பொம்பளை முழுகாமல் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்றால், அந்தக் குடும்பம் வீடு கட்டக் கூடாது, புது வீட்டுக்குக் குடிபோகவும் கூடாது. பாதி எழும்பின சுவராக இருந்தாலும் அப்படியே நிறுத்திவிடுவார்கள். பிள்ளை பிறந்து, பால் குடித்துத் தேறி, அப்புறம்தான் மறுபடி மண் குழைப்பார்கள். மீறினவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். நாங்களோ ஏற்கனவே ஒரு பிள்ளையைப் புதைத்தவர்கள். என் கணவர் காதில் விழுந்தால் அன்றைக்கே கொத்தனாரை அனுப்பிவிடுவார். அவரைத் தப்புச் சொல்லவும் முடியாது. அப்படி நின்றுபோனால் மழை வந்து சுவரைக் கரைக்கும், போகட்டும், இன்னொரு சுவர் வைக்கலாம். ஆனால் பிள்ளை அந்தத் தவிட்டு அறையில்தான் பிறக்கும். அதை நினைத்தபோது எனக்கு வேறு எந்தப் பயமும் பெரிதாகத் தெரியவில்லை.

சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமே என்பீர்கள். அது நடக்காது. மாதம் மூன்று நாள் நாங்கள் வீட்டுக்குத் தூரம். அந்த மூன்று நாளும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, பாத்திரம் பண்டம் தொடக் கூடாது, ஆளையும் தொடக் கூடாது. தோட்டத்தில் மாடு கட்டுகிற கொட்டகை, சாளை என்போம், அதில் ஒரு மூலையில் பாயும் சொம்புமாகக் கிடக்க வேண்டும். எந்த மருமகள் எந்தத் தேதிக்குத் தூரமாவாள் என்பது மாமியாருக்கு அமாவாசை மாதிரி மனப்பாடம். உட்கார வேண்டியவள் உட்காரவில்லை என்றால் நான்காம் நாள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே நான் உட்கார்ந்தேன். வராததை வந்தது என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு சாளைக்குப் போய்விட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று நாள் போல ஒரு சுகம் எனக்கு அந்த வருஷத்திலேயே கிடைக்கவில்லை. அக்கா சோற்றைக் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போவாள். தின்பேன், தூங்குவேன், விழித்தால் திரும்பிப் படுப்பேன். நடுநடுவே வாய்க்காலில் துணி அலசுகிற மாதிரி பாவனை வேறு. என்ன நடிப்பு என்கிறீர்கள்! சாமி கண்ணைக் குத்துமோ என்று பயமும் இருந்தது. மனசுக்குள்ளேயே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து குடத்தை எடுத்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சித்திரை கடைசியில் இரண்டாம் தடவை. இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டால் போதும், அடுத்த தேதி வருவதற்குள் குடிபோகிற நாள் வந்துவிடும். ஆனால் அப்போதுதான் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தால் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது யார்? அக்காவுக்குப் பழைய வீட்டிலேயே வேலை தலைக்கு மேல். மாமியார் தன் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்துவிட்டார். அறுபதைத் தாண்டினவர்.

சாளைக்கும் புது வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். படுத்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும். கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கிணற்றடிக்கு என்று அன்று முழுக்க அவர் நடந்தார். பத்து நடைக்கு ஒரு தடவை நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார். எனக்கு உறுத்தியது. உறுத்தியதே தவிர எழுந்திருக்கவில்லை. நான்கு வருஷம் என்னை நடக்க வைத்தவர்தானே, இரண்டு நாள் நடக்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை பத்து மணி வெயில். கொத்தனார் கஞ்சி குடிக்க ஊருக்குள் போயிருந்தார். என் கணவர் கதவுக்குக் கீல் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். அவர் அண்ணன் தோட்டத்தின் அந்தக் கோடியில் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார். புது வீட்டு வாசலுக்கு இன்னும் படி வைக்கவில்லை, ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அதில் சுண்ணாம்புத் தண்ணீர் சிந்தி வழுவழுவென்று கிடந்தது. மாமியார் குடத்தோடு அதில் ஏறினார். கால் வழுக்கியது. குடம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பக்கவாட்டில் விழுந்தார். விழுந்த சத்தம் சாளை வரைக்கும் கேட்டது.

ஓடினேன். கையை நீட்டிக்கொண்டுதான் ஓடினேன். இரண்டு எட்டு இருக்கும்போது அவர் தரையில் கிடந்தபடியே கையைத் தூக்கித் தடுத்தார்.

"கிட்ட வராதே புள்ள. தொட்டுராதே" என்றார். மூச்சு வாங்கியது. "நல்ல காரியம் நடக்கற எடம். உன்ற ஊட்டு வாசல்ல தீட்டுப் படக் கூடாது."

நான் தூரமில்லீங்க அத்தை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவரைத் தூக்கி நிழலில் படுக்க வைத்திருக்கலாம், வாயில் தண்ணீர் விட்டிருக்கலாம். வீடு போயிருக்கும், அவ்வளவுதான். ஜன்னல் வைத்த அந்த அறை எனக்கு நேர் எதிரே தெரிந்தது. பூச்சு ஈரம்கூடக் காயவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். நீட்டின கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அங்கே நின்றபடியே அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். காற்று எதிர்க்காற்று, அவர் காதில் விழவில்லை. சாளைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ஓடிப்போய்க் கத்தினேன், திரும்பி ஓடி வந்தேன். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தண்ணி தண்ணி என்றார். நான் கொடுத்தால் அவர் குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். யாரையோ கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. என் நிழல் அவர் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அண்ணன் வந்து தூக்குகிற வரைக்கும் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிறைய நேரம்.

இடுப்பு எலும்பு போய்விட்டது. கட்டுப் போடுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், அசையக் கூடாது என்றார். வயசான எலும்பு, கூடுகிற வரைக்கும் சொல்ல முடியாது என்று வெளியே வந்து என் கணவரிடம் சொன்னார். என் கணவர் இடிந்துபோய்விட்டார். புது வீட்டு வாசலிலேயே இப்படி ஆகிவிட்டதே, சகுனம் சரியில்லை, குடிபோவதை நிறுத்திவிடலாம் என்றார். அக்காவும் அதையே சொன்னாள். எனக்குச் சொல்ல வாய் ஏது? கட்டிலில் கிடந்த மாமியார்தான் எல்லாரையும் அடக்கினார். நான் கெடக்கறதுக்கும் குடி போறதுக்கும் என்னடா சம்பந்தம், நாளைத் தள்ளாதே என்றார். அதோடு நின்றாரா? இந்த வீட்டில் மூத்தவளுக்கு நாலு பிள்ளை, அவளால் என்னைப் பார்க்க முடியாது, நான் சின்னவன்கூடப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரிடமிருந்து தப்பித்துப் போக இவ்வளவு பாடு பட்டேனோ, அவர் கட்டிலோடு என் கூடவே வருகிறார். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் குடிபோனோம். பசுவும் கன்றும் முன்னால் போயின. பின்னால் நான் நிறைகுடத்தோடு போனேன். அதற்குப் பின்னால் நான்கு பேர் மாமியாரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாசலில் இப்போது கல் படி. அவர் அந்தப் படியைத் தலையைத் திருப்பிப் பார்த்தார். கிழக்கே பார்த்துப் பால் பொங்கியது, எல்லாரும் முகம் மலர்ந்தார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவே இல்லை. எங்கேயாவது ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, எடுத்து, பாத்திரம் விளக்கி, மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்து, அப்புறம்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. வயிற்றில் பிள்ளையோடு வாசப்படி தாண்டிவிட்டேனே, இனி என்ன ஆகுமோ என்று.

ஆனி மாதம் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன், இந்தத் தடவை தலைக்கு ஊற்றவில்லை என்று. அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. குடி வந்த ராசி என்றார். ஊரே அப்படித்தான் சொன்னது. புது வீட்டுக்கு வந்தாள், உடனே தங்கிவிட்டது, நல்ல மனை என்று வருகிறவர்களெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அதே சுவரில் எங்கே விரிசல் விடுகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் என்னால்தான், பால் திரிந்தால் என்னால்தான். மாதத்துக்கு மீறி வயிறு பெரிசாக இருந்தது. இரட்டைப் பிள்ளையா என்று அக்கா கேலி பண்ணினாள். நானும் சிரித்து வைத்தேன்.

இதற்கு நடுவில் மாமியார். காலையில் தூக்கி உட்கார வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், வெந்நீர் ஊற்ற வேண்டும், துணி மாற்ற வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முன்னெல்லாம் பேசாமல் வேலை வாங்கியவர் இப்போது ஒவ்வொரு தடவையும், செரமம் புள்ள, உனக்குச் செரமம் என்பார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை.

கார்த்திகை கடைசியில், நல்ல பகல் வெளிச்சத்தில், இரண்டு ஜன்னலும் திறந்திருந்த அறையில் பெண் பிள்ளை பிறந்தாள். என் கணவர் ஏழு மாசத்துப் பிள்ளை என்று நடுங்கிக்கொண்டு வாசலில் நின்றார். அழுகைச் சத்தம் கேட்டுத்தான் அவருக்கு உயிர் வந்தது. புது மனை காப்பாற்றிவிட்டது என்று கோயிலுக்கு ஓடினார்.

பிள்ளைத் தீட்டுக் கழிகிற வரைக்கும் அக்கா வந்து மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். தீட்டுக் கழிந்து நான் தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்று, பிள்ளையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் கட்டிலில் கிடத்தினேன். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். விரலைப் பிரித்து நகத்தைப் பார்த்தார். காது மடலைத் தடவினார், முடியைக் கோதினார். ஏழு பிள்ளை பெற்றவர், ஊரில் எத்தனையோ பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றினவர். அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பிள்ளையைப் பார்த்தபடியே விரல் கணுவில் மாதத்தை எண்ணினார். கார்த்திகையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனார். எண்ணி முடித்ததும் கை அப்படியே நின்றது.

"சித்திரையில நீ தூரமில்லை" என்றார்.

திட்டுவார் என்று நின்றேன். குடும்பத்தையே ஏமாற்றினாயே, பிள்ளையை வைத்துச் சூதாடினாயே என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அந்தத் தவிட்டு அறையைப் பற்றி, அந்தப் பதினொரு நாளைப் பற்றி, மாதக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில். அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சகுனத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"அப்ப அன்னிக்கு என்னையத் தொட்டிருக்கலாமில்ல புள்ள" என்றார்.

குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் துணியைச் சரியாகச் சுற்றினார். அடுப்பில் வெந்நீர் காய்ந்துவிட்டது. பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் விட்டுவிட்டு வந்து, அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் பதில் சொல்லவில்லை.